அட்டாலில கெடக்கற மேப்பு

மாப்ள,

ஆறு மாசமா போன் பண்ணல, திட்டாத, போர் போடற ரிக்கு வண்டி ரெண்டும் கர்நாடகாவுல கெடக்குது. வீட்ல எல்லாரும் சௌக்கியம். குண்டுமணி கல்யாணத்துக்கு டிமிக்கி குடுத்தியே, அவன் இன்னும் உன்னைய தேடிட்டு இருக்கான்.

விசயம் என்னன்னா, போன வாரம் எங்க தோட்டத்துலயே போர் போட்டோம். சிரிக்காத. 60 அடிக்கு மண்ணு சரியாம எறக்கற கேசிங் குழாயி, அப்பறம் ஒரே கருங்கல்லு, 340ல செகப்புத் தூளு வந்துச்சு, தண்ணி வர்ற வெடிப்பு, அதான் கேப்புன்னு நெனச்சு அப்பா தேங்காயே ஒடைச்சுட்டாரு, நாலு ராடு எறங்குனா மறுபடி தண்ணியில்லாத வெள்ளைப் பொகை. 1,100 அடி வரைக்கும் பொகை தான்.

ராத்திரி தூக்கம் வராம நீ சொன்ன பூகோஷ, அதான் உங்க ஜியாலஜிகல் சர்வே ஆபீஸோட மேப்பு வெப்சைட்டத் தொறந்து பாத்தேன். நம்ம பக்கத்து சித்தம்பூண்டி கல்லெல்லாம் தனிக் கலர்ல அழகா போட்டிருக்கீங்க. ஆனா 1:50,000 மேப்புல ஒரு சென்டிமீட்டருன்னா அரைக் கிலோமீட்டராச்சே, எங்க நாலு ஏக்கரா ஒரு கொள்ளு அளவு கூட வரல. அதுவும் மேல தெரியற கல்லு தான. 340 அடிக்குக் கீழ இருக்கறத யாரு பாத்தா? நாங்க பாத்தோம்டா!

அட்டாலில, பரண் மேல, அப்பாவோட 27 வருச பில்புக் கெடக்குது. ஊரு, கேசிங், எத்தனாவது அடில கேப்பு, தூளு என்ன கலரு, எல்லாம் இருக்குது. திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி போகாத மாநிலம் இருக்குதா, அத்தன வண்டிக்கும் இப்படித்தான, எல்லாம் கரையான் திங்குது. 1851ல ஆரம்பிச்ச உங்க ஆபீஸு, 2023 டிசம்பர்ல கனிமம் தேடுன டேட்டாவெல்லாம் ஒரே எடத்துல போட போர்ட்டலே தொறந்தாச்சு, இது மட்டும் ஏன் வேண்டாம்? தண்ணி எங்க சோலி இல்லம்ப. கல்லுக்கு சுரங்க அமைச்சகம், தண்ணிக்கு ஜல்சக்தி அமைச்சகம், தெரியும் போ. ரெண்டும் ஒரே ஓட்டைக்குள்ள தான் கெடக்குது.

ஆனா ஒண்ணு மாப்ள, பயமாவும் இருக்குது. பில்புக்கக் குடுத்து, நாளைக்கு எவனாவது கல்லு தேடி அந்தத் தோட்டத்துக்காரன் வாசல்லயே வந்து நின்னா? அவன் தண்ணிக்குத் தான காசு குடுத்தான். அப்பா, ஊரு பேரு மட்டும் எழுது, ஆளு பேரு எழுதாதங்கறாரு. ஊரு மட்டும் இருந்தா உங்களுக்கு ஆகுமா? நெசமாத்தான் கேக்கறேன், பதில் போடு.

340 அடித் தூள ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன், வந்து என்ன கல்லுன்னு பாத்துச் சொல்லு. சீக்கிரம் வா, அம்மா நேத்தே மொளகாத்தூளுன்னு கரண்டியோட வந்துருச்சு.