மண்டபத்து பாத்ரூமில் கேட்ட ‘புஸ்’

அன்புள்ள சுதா,

(உன் பெயர் சுதா இல்லை என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும், போதும்.)

போன மாதம் மாமா வீட்டுக் கல்யாணத்தில் ஹோமப் புகை கிளம்பியதும் எழுந்து போனாயே, நானும் பின்னாலேயே வந்தேன். பாத்ரூம் கதவுக்குள்ளிருந்து ‘புஸ்’ என்று இரண்டு முறை கேட்டது. பதினோரு வருடமாக அந்த இன்ஹேலர் பம்ப் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா? வெளியே வந்து, “சும்மா முகம் கழுவினேன்க்கா” என்றாய். நானும் தலையாட்டிவிட்டேன்.

ஒளிக்கிற காரணம் புரிகிறது. முப்பத்தைந்து வயதில் வீசிங், அதாவது ஆஸ்துமா, வந்தால் யாரும் நம்புவதில்லை. “சின்ன வயசில் உனக்கு இழுப்பே கிடையாதே” என்பார்கள். அப்புறம், “பம்ப் அடித்தால் பழகிவிடும்” என்பார்கள். எனக்கும் நாற்பதை ஒட்டித்தான் வந்தது, எல்லாவற்றையும் கேட்டாயிற்று. உயிருள்ள மீனோடு மருந்தை விழுங்க வைக்கும் ஹைதராபாத் மீன் வைத்தியத்துக்கு ஒரு ஜூன் மாதம் ரயில் டிக்கெட் எடுத்தவள் நான். அந்தக் கதை நேரில்.

என் கவலை வேறு. உன் பையில் நீலப் பம்ப் மட்டும்தான் இருந்தது. அது சால்பியூட்டமால். இறுகிய மூச்சுக்குழலைச் சில நிமிடத்தில் தளர்த்தும், நாலைந்து மணி நேரம் தாங்கும். ஆனால் குழலின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வீக்கம் அப்படியே இருந்தால் போகிப் புகை, சாம்பிராணி, மிளகாய்த் தாளிப்பு என்று எது பட்டாலும் மறுபடி இழுக்கும். பெரியவர்களுக்கு நீலத்தை மட்டும் கொடுத்து வைத்தியம் பார்க்க வேண்டாம் என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டியான ஜினா 2019இலேயே சொல்லிவிட்டது. 200 பஃப் (ஒரு அழுத்து ஒரு பஃப்) உள்ள டப்பா வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலே, கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்றும் அது சொல்கிறது.

வீக்கத்தைக் குறைப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. பெயரைக் கேட்டதும் சித்தி கத்துவார், தெரியும். அந்த வகை மருந்தான புடசொனைடு ஒரு பஃபில் 100 அல்லது 200 மைக்ரோகிராம், பெரும்பாலும் நுரையீரலில் வேலை செய்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை என்றால் மில்லிகிராம் கணக்கு, உடம்பு முழுக்கச் சுற்றும். வேடிக்கை என்னவென்றால், பம்புக்குப் பயந்து ஓடுகிறவர்கள்தான் இழுப்பு முற்றிக் கடைசியில் அந்த மாத்திரையில் போய் நிற்கிறார்கள். நானும் அப்படி இரண்டு முறை நின்றிருக்கிறேன்.

இன்னொன்று, எப்படி அடிக்கிறாய் என்று டாக்டர் முன்னால் அடித்துக் காட்டு. நான் காட்டியதும் அவர் சிரித்துவிட்டார். மூச்சை வெளியே விடாமல், அவசரமாக அழுத்தி, அடுத்த நொடியே வாயைத் திறந்துவிடுவேன். மருந்தெல்லாம் நாக்கோடு சரி. இரண்டு வருடம் நாக்குக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்! இப்போது பம்ப் முனையில் மாட்டும் ஸ்பேசர் குழாயை வைத்து மெதுவாக இழுத்து, மனதுக்குள் பத்து எண்ணி அடக்கிவிட்டுத்தான் விடுகிறேன். ஸ்டீராய்டு பம்ப் அடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். சோம்பலில் விட்டு, நாக்கில் வெள்ளை படிந்து, ஒரு வாரம் ரசம் சாதம்கூட எரிந்தது.

சரி, உன் நீல டப்பாவை என்றைக்கு வாங்கினாய், இதுவரை எத்தனை பஃப் போயிருக்கும் என்று எண்ணி வை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் அதைத்தான் கேட்பேன்.

அன்புடன்,
அக்கா