மைசூரு உயிரியல் பூங்காப் பயணத்துக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோத்தகிரிக்கு அருகிலுள்ள எங்கள் பள்ளியின் பிள்ளைகள் 38 பேர் மைசூரு சாமராஜேந்திர உயிரியல் பூங்காவைக் கண்டு நலமாகத் திரும்பியிருக்கிறார்கள். பணமாகவும் உழைப்பாகவும் கைகொடுத்த ஒவ்வொருவரையும் வீடு தேடி வந்து நன்றி சொல்வதே முறை. அது இயலாததால் இம்மடலை எழுதுகிறேன்.

பேசி வைத்திருந்த வண்டி வராது என்று முந்தின நாள் மாலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றிரவே தம் உறவினரிடம் பேசி வேறொரு வண்டியை ஏற்பாடு செய்த தேயிலை விவசாயிக்கும், தூக்கத்தை விட்டு வந்த ஓட்டுநர் அண்ணனுக்கும் முதல் நன்றி. பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை மூடப்படுவதால், போகவும் வரவும் ஓட்டுநர் வகுத்த நேரக் கணக்கு ஒரு நிமிடமும் பிசகவில்லை. பூங்காவுக்குள் பிளாஸ்டிக் கூடாது என்று சொன்னதும் புளிசாதத்தை வாழையிலையில் கட்டிக் கொடுத்த தாய்மார்களுக்கும் நன்றி.

பூங்காவில் எங்களுக்கு வழிகாட்டிய ஊழியருக்குப் பட்ட கடன் பெரிது. 1892-இல் மைசூரு மன்னர் சாமராஜேந்திர உடையார் இதை அரண்மனைப் பூங்காவாகத் தொடங்கியது, கிரும்பிகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் அதன் அமைப்புக்கு உதவியது, 1909-இல் இன்றைய பெயர் வந்தது ஆகியவற்றை அவர் சுருக்கமாகவே சொன்னார். ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் வரலாறு எடுபடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பேசியது கன்னடம். படுக வீட்டுப் பிள்ளைகள் தங்கள் மொழிக்கு நெருக்கமான அதை உடனுக்குடன் விளங்கிக்கொண்டு மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னார்கள். வகுப்பில் வாய் திறக்காத ஒரு சிறுமி அன்று பாதி நாள் மொழிபெயர்ப்பாளராக இருந்ததைப் பார்த்தபோது, ஆசிரியர் என்ற முறையில் எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது.

காட்டெருமை அடைப்பின் முன் நின்ற ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன், “இது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தினமும் நிற்கிறதே, இதைப் பார்க்க எதற்கு டிக்கெட்?” என்று கேட்டுவிட்டான். நாங்கள் பதறினோம், வழிகாட்டிய ஊழியர் சிரித்தார். 1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) பரவிக் காட்டெருமைகள் பெருவாரியாக மடிந்ததையும், வீட்டு மாடுகளைத் தாக்கும் நோய் காட்டு மாடுகளையும் தாக்கும் என்பதையும், அப்படியொரு கேடு மீண்டும் வந்தால் இனம் அற்றுப்போகாமலிருக்க ஒரு கூட்டத்தைத் தனியே வளர்த்து வைக்க வேண்டியிருப்பதையும் பொறுமையாக விளக்கினார். காலையில் கடந்து வந்த காட்டின் கதைதான் அது என்று புரிந்ததும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். சிங்கவால் குரங்குகளின் முன்னே, பார்வையாளர் தின்பண்டம் எறிவது ஏன் தவறு என்று அவர் சொன்னபோது, எங்கள் ஊர்க் கோவிலில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்க வரும் கரடிக்கு யார் தடை போடுவது என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு அவரிடமும் விடையில்லை.

பூங்காவை வகுப்பறையாக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்த வழியையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலிருந்து மைசூருக்கு வந்து, அங்கிருந்த புலிக்குட்டிகளால் ஈர்க்கப்பட்டுப் பூங்கா நண்பர் குழுவைத் தொடங்கி, பின்னர் கோவையிலிருந்து ஜூ அவுட்ரீச் என்ற காட்டுயிர்க் கல்வி அமைப்பை நடத்திய சாலி வாக்கர் அம்மையார் 2019-இல் மறைந்துவிட்டார். அவ்வமைப்பு உருவாக்கிய விலங்கு முகமூடிகளை வைத்துத்தான் நான் முதன்முதலாகக் காட்டுயிர்ப் பாடம் நடத்தினேன். அவருக்கும் என் வணக்கம்.

சென்று வந்த பிள்ளைகள் வரைந்த படங்களை அக்டோபர் முதல் வார வன உயிரின வார விழாவில் பள்ளிக் கூடத்தில் மாட்டி வைக்கிறோம். ஒட்டகச்சிவிங்கியைவிடக் காட்டெருமையின் படங்களே அதிகம். உதவிய அனைவரும் குடும்பத்தோடு வந்து பார்க்குமாறு வேண்டுகிறேன். தேநீர் எங்கள் பொறுப்பு.

நன்றியுடன்,
காட்டுயிர் மன்றப் பொறுப்பாசிரியர்