பிள்ளைகளின் பகற்கனவும் பெரியவர்களின் துணிவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகி, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்ற பேச்சு வீடுதோறும் நடக்கும் இந்நாட்களில், தங்கள் நாளிதழ் பெற்றோருக்கு அளித்துவரும் வழிகாட்டுதல்களை ஆர்வத்துடன் படித்துவருகிறேன். எந்தப் பிரிவில் சேர்ந்தால் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், எந்தப் படிப்புக்கு எந்த நுழைவுத் தேர்வு என்பவையெல்லாம் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவைதாம். ஆனால், அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை தனியே உட்கார்ந்திருக்கும்போது மனத்துக்குள் எங்கே போய்வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அந்தக் கேள்வியைப் பெற்றோர் முன்னும் என்னைப் போன்ற ஆசிரியர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனை எழுப்பி நிறுத்தி, "நினைப்பெல்லாம் எங்கே இருக்கிறது?" என்று அதட்டுவது நம் வகுப்பறைகளில் அன்றாடம் நடப்பது. அந்தக் கேள்விக்கு எந்த ஆசிரியரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. பதில் சொல்லத் தொடங்கும் பிள்ளைக்கு வகுப்பே சிரிக்கும். அதன்பின் அந்தப் பிள்ளை கனவு காண்பதை நிறுத்திவிடுவதில்லை. பிறரிடம் சொல்வதை நிறுத்திவிடுகிறது. வெளியே சொல்ல முடியாத கனவை நோக்கி முதல் அடி எடுத்துவைப்பதும் இயலாததாகிவிடுகிறது என்பதே என் கவலை.

சென்ற 2025 அக்டோபர் 1ஆம் தேதி, தம் 91ஆவது வயதில் மறைந்த ஜேன் குடால் அவர்களின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் நாம் படிக்க வேண்டும். சிம்பன்சிகளை ஆராய்ந்த அறிவியலாளர் என்று பாடநூல் அளவில் அவரை அறிந்தவர்கள் பலர். ஆனால் அந்த ஆய்வு ஒரு பகற்கனவிலிருந்து பிறந்தது என்பதையும், அந்தக் கனவுக்கு ஒரு தாய் காவலிருந்தார் என்பதையும் நான் அதைவிடப் பெரிய செய்தியாகக் கருதுகிறேன்.

1934இல் லண்டனில் பிறந்த ஜேன், ஏறத்தாழ நான்கு வயதாக இருக்கும்போது ஒரு பண்ணைக்குச் சென்றிருந்தார். கோழியின் உடலிலிருந்து முட்டை எப்படி வெளியே வருகிறது என்ற கேள்விக்கு யாரும் நிறைவான பதில் சொல்லாததால், கோழிக்கூண்டுக்குள் புகுந்து, வைக்கோலில் மறைந்து, மணிக்கணக்கில் அசையாமல் காத்திருந்தார். வெளியே குழந்தையைக் காணோம் என்று தேடி, காவல்துறைக்கும் தகவல் சொல்லிவிட்டார்கள். கடைசியில் உடலெல்லாம் வைக்கோலுடன் ஓடிவந்த மகளின் கண்களில் இருந்த மகிழ்ச்சியைக் கண்ட, வேன் என்ற பெயருடைய அவர் தாய், அடிக்கவில்லை, திட்டவில்லை. உட்கார்ந்து, கோழி முட்டையிட்ட கதை முழுவதையும் கேட்டார். வேறொரு தாயாக இருந்திருந்தால் தன் ஆர்வம் அங்கேயே நசுங்கியிருக்கும் என்று ஜேன் தம் முதுமை வரை மேடைதோறும் சொல்லிவந்தார். பதறிப்போன ஒரு பெற்றவள் அந்த நேரத்தில் கோபத்தை அடக்கிக்கொண்டு குழந்தையின் வாய் பார்த்து அமர்வதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்பது பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரியும்.

போர்க்காலத்தில் குடும்பம் இங்கிலாந்தின் தென்கரை நகரான போர்ன்மவுத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வீட்டுத் தோட்டத்தில் தமக்குப் பிடித்த மரத்தின் மேல் உட்கார்ந்து, விலங்குகளைப் பற்றிய கதைகளைப் படித்தபடி, வளர்ந்ததும் ஆப்பிரிக்கா செல்வேன், காட்டு விலங்குகளுடன் வாழ்வேன், அவற்றைப் பற்றி எழுதுவேன் என்று பத்து வயதிலேயே அவர் கனவு கண்டார். கையில் பணமில்லாத குடும்பம், உலகப் போர், அதிலும் பெண் பிள்ளை, கேட்டவர்கள் சிரித்தார்கள். தாய் மட்டும், கடுமையாக உழைக்க வேண்டும், வரும் வாய்ப்பை விட்டுவிடக் கூடாது, மனம் தளரக் கூடாது என்றார். அவர் கனவைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை; அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை மகளுக்குச் சொன்னார்.

இதற்குப் பிந்தைய ஆண்டுகளைத்தான் நம் மாணவர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் சேர வசதியில்லாததால், ஜேன் செயலர் பயிற்சி பெற்று, தட்டச்சு வேலையிலும் ஆவணப்பட நிறுவனம் ஒன்றிலும் பணிபுரிந்தார். கென்யாவில் குடும்பத்தார் வாங்கியிருந்த பண்ணைக்கு வரும்படி பள்ளித்தோழி ஒருத்தி கடிதம் எழுதியபோது, லண்டன் வேலையை விட்டுவிட்டு, ஊர் திரும்பி, ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராகச் சேர்ந்து கப்பல் கட்டணத்துக்குப் பணம் சேர்த்தார். மேசைக்கு மேசை தட்டு சுமந்த அந்த மாதங்களில் யாரும் அவரை வீராங்கனை என்று அழைத்திருக்க மாட்டார்கள். என் பார்வையில், காட்டுக்குள் தனியே நடந்ததற்கு இணையான துணிவு அது. தான் விரும்பும் ஒன்றுக்காகச் சிறிய வேலை என்று பிறர் நினைப்பதைக் கூசாமல் செய்யும் துணிவு நம் பிள்ளைகளிடம் குறைந்துவருகிறது, அதற்குக் காரணம் அவர்களல்லர், "உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள்?" என்று அஞ்சும் நாம்தான்.

1957இல் கென்யா சென்றடைந்த அவர், தொல்மானுடவியல் அறிஞர் லூயிஸ் லீக்கியைத் தாமே தேடிச் சென்று சந்தித்தார். லீக்கி ஆப்பிரிக்க விலங்குகளைப் பற்றிக் கேட்ட பல கேள்விகளுக்கு, பட்டம் எதுவும் பெறாத அந்த இளம்பெண்ணால் பதில் சொல்ல முடிந்தது. கனவு கண்ட ஆண்டுகளிலெல்லாம் அதைப் பற்றியே விடாமல் படித்துவந்திருந்ததுதான் காரணம். முதலில் செயலராக வேலை கொடுத்த லீக்கி, பின்னர் சிம்பன்சி ஆய்வுக்கு அவரையே தேர்ந்தெடுத்தார். ஆனால் இன்றைய தான்சானியாவில் உள்ள கோம்பே காட்டுக்கு ஓர் இளம்பெண்ணைத் தனியே அனுப்ப அன்றைய பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒப்பவில்லை. துணைக்கு ஒருவர் வேண்டும் என்றபோது உடன் சென்றவர், அதே தாய் வேன். 1960 ஜூலை 14ஆம் தேதி, டாங்கன்யீகா ஏரிக்கரையில் தாயும் மகளும் சமையற்காரர் ஒருவருடன் போய் இறங்கினார்கள். இருவருமே மலேரியாவில் படுத்தார்கள்; தேறி எழுந்த தாய், சுற்றுவட்டார மீனவர்களுக்கு எளிய மருந்துகள் கொடுக்கும் சிறு மருத்துவ முகாமை அங்கே நடத்தினார்.

மனிதரைக் கண்டதும் சிம்பன்சிகள் ஓடி மறைந்தன. ஆய்வுக்குக் கிடைத்திருந்த நிதியோ சில மாதங்களுக்கே போதுமானது. நாள்தோறும் விடியுமுன் மலையேறி, தொலைநோக்கியுடன் காத்திருந்து, வெறுங்கையுடன் திரும்பிய வாரங்கள் பல. அந்த ஆண்டு நவம்பரில், டேவிட் கிரேபியர்டு என்று அவர் பெயரிட்டிருந்த ஆண் சிம்பன்சி, புற்றின் துளைக்குள் புல் தண்டை நுழைத்துக் கறையான்களைப் பிடித்துத் தின்பதையும், சிறு குச்சியின் இலைகளை உருவிக் கருவியாக மாற்றுவதையும் அவர் கண்டார். கருவி செய்வது மனிதனின் தனியுரிமை என்று கருதப்பட்டுவந்த காலம் அது. பின்னர் இளங்கலைப் பட்டம் இல்லாமலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வுக்குச் சேர்ந்தபோது, சிம்பன்சிகளுக்குப் பெயர் வைத்தது தவறு, எண்தான் கொடுத்திருக்க வேண்டும், அவற்றுக்கு ஆளுமை, உணர்ச்சி என்றெல்லாம் பேசக் கூடாது என்று அறிஞர்கள் கண்டித்தார்கள். தாம் சிறுமியாக இருந்தபோது பழகிய ரஸ்டி என்ற நாய், விலங்குகளுக்கு ஆளுமை உண்டு என்பதை ஏற்கெனவே கற்பித்துவிட்டது என்று சொல்லும் ஜேன், அவ்விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணால் கண்டதைக் கற்றவர் அவையில் மாற்றிச் சொல்ல மறுப்பதற்கும் துணிவு வேண்டும்.

பகற்கனவை இப்படி உயர்த்திப் பேசினால் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிட மாட்டார்களா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பகற்கனவை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் சிங்கர், ஆக்கபூர்வமாகத் திட்டமிடும் கனவு ஒரு வகை, குற்ற உணர்விலும் அச்சத்திலும் உழலும் கனவு மற்றொரு வகை, எதிலும் மனம் நிலைக்காமல் அலைவது இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டினார். ஜெர்மனியில் பிறந்த உளவியலாளர் கேப்ரியேலே ஓட்டிங்கனின் ஆய்வுகளோ, வெற்றியை மட்டும் இனிக்க இனிக்கக் கற்பனை செய்பவர்களின் முயற்சி குறைந்துபோவதையும், விரும்பும் இலக்கையும் வழியில் நிற்கும் தடையையும் அருகருகே வைத்து எண்ணுபவர்கள், அந்த இலக்கு எட்டக்கூடியதாக இருந்தால், கூடுதலாக முயல்வதையும் காட்டுகின்றன. வேன் தம் மகளுக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதையேதான். ஆகவே பிள்ளையின் கனவைக் கலைக்க வேண்டியதில்லை. குறுக்கே நிற்பது என்ன என்று உடன் அமர்ந்து எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். ஓயாத துயரத்திலிருந்து தப்பிக்கவே ஒரு பிள்ளை கற்பனையில் ஒதுங்குகிறது என்று தோன்றினால், அப்போது தேவைப்படுவது மனநல ஆலோசகரின் உதவி. அதையும் தயங்காமல் நாட வேண்டும்.

கனவு நிறைவேறியபின் ஜேன் செய்ததுதான் என்னை மிகவும் நெகிழச் செய்கிறது. 1986இல் சிகாகோவில் நடந்த சிம்பன்சி ஆய்வாளர் மாநாட்டில், ஆப்பிரிக்கா முழுவதும் காடுகள் அழிவதையும் ஆய்வுக்கூடங்களில் சிம்பன்சிகள் படும் துன்பத்தையும் அறிந்தபின், பத்து வயதிலிருந்து தாம் விரும்பிய காட்டு வாழ்க்கையை 52ஆவது வயதில் விட்டுக்கொடுத்து, ஊர் ஊராகச் சென்று பேசும் வாழ்க்கையை ஏற்றார். இளைஞர்களுக்காக 1991இல் அவர் தொடங்கிய இயக்கம் பல நாடுகளில் பரவியது. இறக்கும்போதும் அமெரிக்காவில் ஓர் உரைப் பயணத்தில்தான் இருந்தார். ஒருவர் வளர்ந்திருக்கிறார் என்பதற்கு, அடைந்த கனவையே ஒரு பெரிய கடமைக்காகத் தள்ளிவைக்க முடிந்ததைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஜேன் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு மாலை நேரமாவது, கைப்பேசியை ஒதுக்கிவைத்துவிட்டு, "நீ தனியாக இருக்கும்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பாய்?" என்று பெற்றோர் கேட்கட்டும்; மதிப்பெண்ணையும் கட்டணத்தையும் இடையில் கொண்டுவராமல் பதிலைக் கடைசிவரை கேட்கட்டும். பள்ளிகள், கால அட்டவணையில் இருக்கும் நூலக வேளையைக் கணக்குப் பாடத்துக்கோ சிறப்புத் தேர்வுக்கோ எடுத்துக்கொள்ளாமல் பிள்ளைகளிடமே விட்டுவைக்கட்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. முதலிடம் பெற்ற மாணவர்களின் படங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியை, தமக்குப் பிடித்த துறைக்காக எளிய வேலைகள் பார்த்துப் பணம் சேர்த்துப் படித்த இளைஞர்களுக்கும், அவர்களுக்குத் துணை நின்ற தாய் தந்தையருக்கும் ஒதுக்கி, அவர்கள் எந்தத் தடையை எப்படிக் கடந்தார்கள் என்பதை விரிவாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கை முடிவதற்குள் அது வெளிவந்தால், இவ்வாண்டே சில வீடுகளுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.