ரெண்டர் ஓடும்போது லேப் மெயினை அணைக்காதீர்கள்: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயாவுக்கும் முதல்வர் அம்மாவுக்கும்,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை மாலை அனிமேஷன் லேப்பில் நடந்தது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதற்காக மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். சுவிட்ச் போர்டு மேல் ‘ரெண்டர் ஓடுகிறது, தயவுசெய்து அணைக்க வேண்டாம்’ என்று ஒரு தாளை ஒட்டியது ஒழுங்கீனமாம். ரெண்டர் என்றால், நாங்கள் அமைத்த காட்சியைக் கணினி கணக்கிட்டு ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு படமாக, உருவாக்கித் தருவது. மெயினை அணைத்த வாட்ச்மேன் அண்ணன் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. ஐந்து மணிக்கு அணைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை, அவர் அணைத்தார், அவ்வளவுதான். எங்கள் வருத்தம் அந்தச் சுற்றறிக்கையோடு.

கணக்கைப் பாருங்கள். ஒரு வினாடிப் படத்துக்கு 24 ஃபிரேம், 30 வினாடிக்கு 720. கொஞ்சம் முடி, கொஞ்சம் புகை, ஒரு கண்ணாடி ஜன்னல் என்று காட்சியில் வைத்துவிட்டால் நம் லேப் மெஷின் ஒரு ஃபிரேமுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதுவும் நல்ல நாளில். அப்படியென்றால் 7200 நிமிடம், 120 மணி நேரம், இரவு பகலாக விட்டால் ஐந்து நாள். லேப் திறந்திருப்பதோ காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை, நடுவில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு பிராக்டிகல் வந்தால் நாங்கள் எழுந்து இடம் விட வேண்டும். ஐந்து நாளில் முடிகிற வேலை இங்கே மூன்று வாரம் இழுக்கிறது. இது ஒருத்தருடைய அரை நிமிடப் படத்துக்கான கணக்கு மட்டும். லைட் ஒன்று தப்பாக விழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

வெள்ளிக்கிழமை போனது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வேலை. அவளுடைய படம் செங்கல் சூளையில் நடக்கிற கதை. ஊருக்குப் போய் விடியற்காலையில் சூளைப் பக்கம் நின்று, பனியில் புகை மேலே ஏறாமல் தரையோடு படர்ந்து போவதை போனில் எடுத்துக்கொண்டு வந்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் புகையின் கனத்தையும் வேகத்தையும் சரிசெய்தாள். அந்த சிமுலேஷன் பேக் ஆகிக்கொண்டிருக்கும்போதுதான், அதாவது புகை எப்படி நகரும் என்று கணினி கணக்கிட்டுச் சேமித்துக்கொண்டிருக்கும்போதுதான், மெயின் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்து ரொம்ப நாளாயிற்று என்பதால் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. திங்கட்கிழமை திறந்து பார்த்தால் அந்தக் கணக்கைச் சேமித்த கேஷ் ஃபைல் பழுதாகிக் கிடக்கிறது. ‘ஃபிரேம் ஃபிரேமாகச் சேமித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாமே’ என்று அறிவுரை சொன்னார்கள். ரெண்டரை அப்படித்தான் சேமிக்கிறோம், ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி பிஎன்ஜி படமாக. ஆனால் ஃபிரேம் என்று ஒன்று வருவதற்கே முதலில் புகை வேண்டுமே.

இதில் இன்னொன்று இருக்கிறது, அதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பசங்கள் ஐந்து மணிக்கு மேல் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெளியே கேமிங் சென்டருக்குப் போய்விடுகிறார்கள், அங்கே நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, மணிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் ரெண்டர் போட்டுக்கொள்ளலாம். மாணவிகள் எங்களுக்கு விடுதி கேட் ஆறு மணிக்குப் பூட்டு. சொந்த லேப்டாப் வைத்திருக்கிற ஒன்றிரண்டு பேர் அறையில் ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கினால், கரண்ட் பில் ஏறுகிறதென்று வார்டன் அம்மா பிளக்கைப் பிடுங்குகிறார். வேறு வழியில்லாமல், ரெண்டர் சீக்கிரம் முடிய சாம்பிளை, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகளை, குறைத்து, நிழலெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிகிற ஒரு படத்தைக் கொடுத்தால் ‘குவாலிட்டி போதாது’ என்று இன்டர்னலில் கை வைக்கிறார்கள். ஒரே வகுப்பு, ஒரே ஃபீஸ். அப்புறம் ஏன் பெண்கள் படம் மட்டும் மங்கலாக இருக்கிறது என்று ரிவ்யூவில் எங்களையே கேட்கிறார்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. சப்மிஷன் முடியும்வரை லேப் மெயினை இரவிலும் விடுமுறையிலும் அணைக்காதீர்கள். நாங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கக்கூட வேண்டாம், மெஷின் மட்டும் ஓடட்டும்.

மென்பொருள் வாங்கித் தரச் சொல்லவில்லை, கவனிக்கவும். பிளெண்டர் இலவசம். ஹூடினியில் கற்றுக்கொள்பவர்களுக்கு இலவசப் பதிப்பு உண்டு, நியூக்கில் உண்டு, மாயாவை மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் சும்மாவே தருகிறது. பிளெண்டரில் செய்த ஒரு லாட்வியப் படம் 2025இல் ஆஸ்கார் வாங்கியது, அதை நம் துறை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறார்கள், பலகை லேப் வாசலில்தான் இருக்கிறது, லேப்தான் பூட்டியிருக்கிறது.

மின்கசிவு ஆபத்து என்கிறீர்கள். நியாயமான பயம், மறுக்கவில்லை. ஆனால் அலுவலக சர்வர் இரவெல்லாம் ஓடுகிறது, பயோமெட்ரிக் ஓடுகிறது. லேப்பில் மாட்டிய சிசிடிவி கேமராவும் தனி லைனில் ஓடுகிறது, அணைத்துப் போட்ட கணினிகளை விடிய விடிய ஆடாமல் அசையாமல் படம் பிடித்துக்கொண்டு. நம் கல்லூரியில் இடைவிடாமல் ஃபிரேம் எடுக்கிற ஒரே மெஷின் அதுதான்.

கடுப்பில் எழுதுகிறேன், தெரிகிறது. ஆனாலும் பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபிளாஷ் பிளேயரை அடோபி 2020 கடைசியோடு மூடிவிட்டது, நமக்கு இன்னும் அந்த ஃபிளாஷுக்கான நிரல்மொழி ஆக்‌ஷன் ஸ்கிரிப்டில் ஒரு யூனிட். டிஸ்னி கலைஞர்கள் வகுத்த 12 அனிமேஷன் கோட்பாடுகளைப் பதினாறு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்து எழுதுகிறோம், ஒரு பந்து குதிப்பதை வரைந்து காட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. 2022 மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன் துறைக்குப் பணிக்குழு அறிவித்ததை ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மேடையில் சொல்கிறீர்கள், மகிழ்ச்சி. அட்மிஷன் ஃபிளெக்ஸில் ‘100 சதவீத வேலைவாய்ப்பு’ என்று போட்டு, 2025 பிப்ரவரியில் சரிந்துபோன விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான டெக்னிகலர் குழுமத்தின் லோகோவை இன்னும் வைத்திருக்கிறீர்களே, பெங்களூரில் அங்கே வேலை பார்த்தவர்களே வேறு வேலை தேட வேண்டியிருந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? அடுத்த வருடம் பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் அந்த லோகோவைப் பார்த்துத்தான் பணம் கட்டுவார்கள்.

சரி, அதெல்லாம் ஒரே நாளில் மாறாது, தெரியும். பாடத்திட்டம் பல்கலைக்கழகம் கையில் என்பீர்கள். மெயின் சுவிட்ச் உங்கள் கையில்தானே இருக்கிறது.

ரெண்டர் ஓடுகிற மெஷின்களின் எண்ணையும் மாணவர் பெயரையும் தினமும் நோட்டில் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறோம். மற்ற மெஷின், விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் நாங்களே அணைத்துவிட்டுப் போகிறோம். எலக்ட்ரீஷியன் அண்ணனை ஒருமுறை ஒயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த யுபிஎஸ் பேட்டரியையும் மாற்றச் சொல்லுங்கள், ஒவ்வொரு செமஸ்டரும் லேப் ஃபீஸ் என்று வாங்குவதில் அதற்கு இடமிருக்கும். பழைய சுற்றறிக்கையை வாபஸ் வாங்கக்கூட வேண்டாம், ‘அனிமேஷன் லேப் நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இந்த வாரத்துக்குள் சேர்த்துவிட்டால் சூளைப் புகையை மறுபடி பேக் செய்ய நேரம் இருக்கும். தயவுசெய்து செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
இறுதியாண்டு அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸ் மாணவிகள் சார்பில், அவர்களில் ஒருத்தி