என் கல்லீரலும் உன் வர்க்கமூலமும்

அன்புள்ள கோமு,

எட்டு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வேலை அதிகம் என்று பொய் சொல்லப் போவதில்லை. முதல் நாலு மாதம் சோம்பல், அடுத்த நாலு மாதம் பயம். மற்றபடி எல்லோரும் சௌக்கியம். இவர் ஓய்வு பெற்றுவிட்டார், அதனால் எனக்கு ஓய்வு போயிற்று. சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. குடும்பச் செய்தி முடிந்தது.

பயம் கல்லீரலால் வந்தது. பத்து வருஷமாக வயிற்று ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம் ரிப்போர்ட்டின் அடியில் 'கொழுப்புக் கல்லீரல், கிரேடு 1' என்று ஒரு வரி வரும். "இது எல்லோருக்கும் இருக்கிறதுதான்" என்பார்கள். எல்லோருக்கும் இல்லை, உலகத்தில் வயதுவந்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இருக்கிறது. எனக்கோ கிரேடு 1 என்பது முதல் வகுப்பில் பாஸானது மாதிரி ஒரு நிம்மதி. இந்தத் தடவை பார்த்த டாக்டர் சின்னப் பெண். ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக் கால்குலேட்டரில் எதையோ தட்டினாள். அப்புறம் நிமிர்ந்து, "மது அருந்துவது உண்டா?" என்றாள்.

என்னைப் பார்த்து! விடுதி ஆண்டு விழாவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலி பாட்டிலோடு மேடையில் விழுந்தேனே, அதைத் தவிர எனக்கும் அந்தத் திரவத்துக்கும் என்ன சம்பந்தம்? இவர் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டைக்குள் சிரிக்கிறார். விடுதியில் நம்மை மிரட்டிய அந்த டைகர் மட்டும் அங்கே இருந்திருந்தால் அன்றைக்கே எனக்கு டி.சி. கொடுத்திருப்பாள்.

அந்தப் பெண் தட்டியது ஃபிப்-4 என்ற கணக்கு, கல்லீரலில் தழும்பு ஏறியிருக்குமா என்று ஊகிக்க. வீட்டுக்கு வந்து நானே போட்டுப் பார்த்தேன். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் கல்லீரல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் நொதிகள். வயதை ஏ.எஸ்.டி. அளவால் பெருக்கு. அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையால் வகு, அப்புறம் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகு. அவ்வளவுதான். வயது 54, ஏ.எஸ்.டி. 52, ஏ.எல்.டி. 61. பிளேட்லெட்டை 1,78,000 என்று போட்டேன். விடை 0.002! 1.3க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை என்று சொல்லியிருந்தாள். நான் இவரைக் கூப்பிட்டு ஒரு ஆட்டமே போட்டுவிட்டேன். பிளேட்லெட்டை ஆயிரங்களில், வெறும் 178 என்று போட வேண்டும் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. எழுந்து மறுபடி போட்டால் 2.02. அந்த நேரத்தில் உன்னை நினைத்துக்கொண்டேன். ஐந்து வருஷம் உன் நோட்டைப் பார்த்து எழுதியவளுக்கு வேறென்ன வரும்?

2.67க்கு மேல் போனால் கல்லீரல் தழும்பேறிக் கெட்டித்திருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும். பிளேட்லெட்டுக்கும் கல்லீரலுக்கும் என்ன உறவு என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். கல்லீரலில் தழும்பு ஏறினால் அதற்குள் போகும் ரத்தத்துக்கு வழி இறுகுகிறது. பின்னால் அழுத்தம் ஏறி மண்ணீரல் வீங்குகிறது, வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. ஒரு குழாய் அடைத்தால் மாடியில் தண்ணீர் தேங்குகிற மாதிரி.

அடுத்த பரிசோதனை ஃபைப்ரோஸ்கேன். மூன்று மணி நேரம் வெறும் வயிறு. மல்லாக்கப் படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே சில்லென்ற ஜெல்லைத் தடவி, ஒரு கருவியை வைத்து, விரலால் சுண்டுகிற மாதிரி 'டொக்' என்று ஒரு தட்டு. வலி கிடையாது. குறைந்தது பத்துத் தட்டாவது சரியாக விழ வேண்டும். நான் வாய்க்குள் எண்ணினேன், பதினாலு ஆயிற்று. அந்தத் தட்டின் அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று இயந்திரம் பார்க்கிறது. மிருதுவாக இருந்தால் மெதுவாக ஓடும், கெட்டியாக இருந்தால் விரைந்து ஓடும். எனக்கு 9.4 கிலோபாஸ்கல். 8க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப்போகும் சிரோசிஸ் இல்லை, ஆனால் தழும்பு ஆரம்பித்திருக்கிறது.

கோமு, பத்து வருஷமாக நான் தப்பான எண்ணையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த கிரேடு 1 கொழுப்பைப் பற்றியது, தழும்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இத்தனை வருஷ ஆய்வுகளில் யாருடைய கல்லீரல் பின்னால் கெடும் என்று முன்கூட்டிக் காட்டியது தழும்புதான். கல்லீரலுக்குள் வைட்டமின் ஏ-யைச் சேர்த்துவைத்துக்கொண்டு சாதுவாக இருக்கும் ஒரு வகைச் செல்கள் உண்டு. அழற்சி தொடர்ந்தால் அவை சேமிப்பை உதறிவிட்டு நாரைக் கக்க ஆரம்பித்துவிடுமாம். கல்லீரலுக்குள்ளே வலி நரம்பு கிடையாது, மேலே உள்ள உறைக்குத்தான் உண்டு. அதனால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

ஒன்று தெரியுமா, இந்த நோய்க்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள். முன்பு 'ஆல்கஹால் சாராத கொழுப்புக் கல்லீரல் நோய்'. என்ன இல்லை என்பதை வைத்து வைத்த பெயர். 2023இல் 56 நாடுகளைச் சேர்ந்த 236 பேரிடம் சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்டு, 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த' என்று காரணத்தைப் பெயரில் சேர்த்தார்கள். ஆங்கிலச் சுருக்கம் மேஸ்ல்ட் (MASLD). பழைய பெயரில் இருந்த 'ஆல்கஹால்' இழிவாக ஒலிக்கிறது என்று 61 சதவீதம் பேர் சொன்னார்களாம், 'கொழுப்பு' இழிவு என்று 66 சதவீதம். முதலில், வேலையற்ற வேலை என்று சிரித்தேன்.

அப்புறம் ஜெயா அக்கா ஞாபகம் வந்தாள். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கடைசி தடவை பார்க்கப் போனோமே. திரும்பி வரும்போது பஸ்ஸில் சுசீலா என்ன சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? "தனியாக இருக்கிறவள், யாருக்குத் தெரியும்" என்றாள். நீயும் நானும் மறுத்துப் பேசவில்லை. நான் தலையைக்கூட ஆட்டினேன். அக்காவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை, உடம்பும் கனம். என்ன நோய் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த டாக்டர் பெண் என்னைக் கேட்ட கேள்வியை நாம் அக்காவிடம் கேட்கக்கூட இல்லை, பதிலை நாமே எழுதிக்கொண்டோம். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

சரி, அழுகை போதும். மருந்து இருக்கிறது. 2024 மார்ச் வரை இந்த நோய்க்கென்று அமெரிக்காவில்கூட ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. அப்போது ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரை வந்தது. தைராய்டு ஹார்மோன் செய்யும் வேலையைப் பெரும்பாலும் கல்லீரலுக்குள் மட்டும் செய்ய வைக்கிறது. சோதனையில் அதிக அளவு சாப்பிட்டவர்களில் 25.9 சதவீதம் பேருக்குத் தழும்பு ஒரு படியாவது குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 14.2. அப்புறம் 2025 ஆகஸ்டில், எடை குறைக்கப் போடுகிறார்களே, செமாக்ளூடைட் ஊசி, அதற்கும் இதற்காக ஒப்புதல் கிடைத்தது. 72 வாரத்தில் 36.8 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைந்தது, வெற்று ஊசிக்காரர்களில் 22.4 சதவீதம் பேருக்கு.

உன் கணக்கு மூளைக்கு அந்த வெற்று ஊசிதான் உறுத்தும், எனக்கும் உறுத்தியது. ஒன்றுமே இல்லாததைப் போட்டு எப்படிக் குறையும்? பயந்து போய் நடக்க ஆரம்பித்திருப்பார்கள் என்பது ஒன்று. இன்னொன்று, சோதனையில் தழும்பை அளக்கக் கல்லீரலில் பயாப்ஸி ஊசியால் குத்தி எடுக்கும் துணுக்கு முழுக் கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. இந்தத் தடவை குத்தின இடம் வேறு, போன தடவை வேறு. அதனால் இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் மருந்தின் வேலை என்று எடுத்துக்கொள்கிறேன். அது பெரிய அதிசயம் இல்லை, ஆனால் ஒன்றுமில்லாததும் இல்லை.

எனக்கு இப்போதைக்கு மருந்து கிடையாது. ஆறு மாதம் பார்க்கலாம் என்றாள் அந்தப் பெண். கியூபாவில் 293 பேரை ஒரு வருஷம் உணவும் நடையுமாகக் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னாள். உடல் எடையில் 10 சதவீதம் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி போய்விட்டது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. மருந்தெல்லாம் எதற்கு என்று துள்ளினேன். அந்த 10 சதவீதத்தைத் தொட்டவர்களே பத்தில் ஒருவர்தான் என்பதைக் கடைசியில் சொல்கிறாள்! நான் குறைக்க வேண்டியது ஏழு கிலோ, இதுவரை குறைத்தது இரண்டரை. இவரும் கூடவே நடக்கிறார். எனக்கு ஒன்றுமே குறையாத வாரத்தில் அவருக்கு ஒரு கிலோ குறைகிறது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

உன் அண்ணன் அல்சர் விஷயம் கேட்டிருந்தாயே. மன உளைச்சல்தான் காரணம் என்று அவர் சாதித்தால் பேரி மார்ஷல் கதையைச் சொல். கிருமியால் வருகிறது என்று யாரும் நம்பாததால் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டவர், 2005இல் ராபின் வாரனோடு நோபல் வாங்கினார். அண்ணன் ஆன்டிபயாடிக் முடித்து நாலு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்து, கிருமி போய்விட்டதா என்று கட்டாயம் பார்க்கட்டும்.

இப்போது உன் முறை. மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் ரிப்போர்ட்டில் 'கிரேடு 2' என்று வந்ததைச் சொல்லி, "படிப்பில் மாதிரி இதிலும் உன்னைவிட ஒரு படி மேலே" என்று எழுதியிருந்தாய். நானும் சிரித்தேன். உனக்குச் சர்க்கரையும் இருக்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., பிளேட்லெட் மூன்றையும் எனக்கு எழுது. வயதைச் சொல்ல வேண்டாம், என்னைவிட நாலு மாதம் மூத்தவள் என்பது எனக்குத் தெரியும். கணக்கை நீயே போட்டு விடையை மட்டும் அனுப்பி ஏமாற்றப் பார்க்காதே. வழிமுறைக்கும் மார்க் உண்டு.

உன்,
பத்மா