அடைப்புக்குறிக்குள் ஏழு பெண்கள்: தமிழ்நாட்டுப் பங்குத் தந்தையர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்குத் தந்தையர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

திருப்பலியில் குரு சொல்லும் முதலாவது நற்கருணை மன்றாட்டில் புனிதர்களின் இரண்டாவது பட்டியல் ஒன்று வருகிறது. திருமுழுக்கு யோவான், ஸ்தேவான், மத்தியா, பர்னபா என்று நான்கு பெயர்கள். அதற்கு அப்புறம் வருபவை அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன; விருப்பப்பட்டால் விட்டுவிடலாம். அந்தக் குறிக்குள் இன்னும் நான்கு ஆண்கள், அவர்களை அடுத்து பெலிசித்தா, பெர்பேத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னஸ், செசீலியா, அனஸ்தாசியா. அந்தப் பட்டியலில் வேறு பெண்களே இல்லை. குறிக்குள் இருப்பதைத் தாண்டினால் ஏழு பேரும் ஒரேயடியாகப் போய்விடுகிறார்கள்.

வேண்டுமென்றே யாரும் இதைச் செய்வதாக நான் நினைக்கவில்லை. ஞாயிறு காலையில் இரண்டு மூன்று திருப்பலி வைப்பவர்களின் அவசரம் எனக்குப் புரியும். ஆனால் அந்த ஏழு பேரில் முதல் இருவரை நம் கோவில்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுடைய நினைவு நாளான மார்ச் 7 பெரும்பாலும் தவக்காலத்தில் விழுவதால், ஒரு சிறு மன்றாட்டோடு முடிந்துவிடுகிறது.

203ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம். பெர்பேத்துவாவுக்கு வயது 22 இருக்கும். நல்ல குடும்பம், படித்தவள், மணமானவள், கையில் பால்குடிக் குழந்தை. கணவனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கிறிஸ்தவ விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டாள். சிறையில் இருந்தபடி அவளே எழுதிய பக்கங்கள் இன்றும் நம் கையில் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி தன் கையால் எழுதியது கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அதில் அவள் எதை எழுதுகிறாள்? சிறையின் இருட்டை. நெரிசலில் ஏறும் வெக்கையை. காசு பிடுங்கும் காவலர்களை. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையை. தெர்சியு, பொம்போனியு என்ற இரண்டு தியாக்கோன்கள், அதாவது திருத்தொண்டர்கள், காசு கொடுத்து, சிறையிலேயே கொஞ்சம் நல்ல இடத்துக்கு அவர்களைச் சில மணி நேரம் மாற்றுகிறார்கள். அங்கே, பசியில் சோர்ந்துகிடந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். பின்னால் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், சிறை தனக்கு அரண்மனையாகிவிட்டது என்று எழுதுகிறாள். மிருகங்களுக்குப் போடச் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு அவளுடைய அப்பா குழந்தையைத் தர மறுத்துவிடுகிறார். பிள்ளை அதற்கப்புறம் பால் கேட்கவில்லை, என் மார்பிலும் வேதனை வரவில்லை, இது கடவுள் செயல் என்கிறாள்.

இந்த இடத்தை முதன்முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் மகன் நாலு மாதப் பிள்ளையாக இருந்தபோது உடம்புக்கு முடியாமல் அவனைத் தனி வார்டில் வைத்தார்கள். இரண்டு நாள் பால் கட்டிக்கொண்டு, மார்பு கல்லாக இறுகி, கையைத் தூக்க முடியவில்லை. பால் கட்டாமல் இருந்ததற்கு நன்றி சொல்லும் ஒரு மறைச்சாட்சி இருக்கிறாள் என்று அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

அவளோடு சிறையில் இருந்த பெலிசித்தா அடிமைப் பெண். பெர்பேத்துவாவின் வேலைக்காரி என்று சில மறையுரைகளில் கேட்டிருக்கிறேன். பெர்பேத்துவாவின் பக்கங்கள் அடங்கிய அந்தப் பழைய ஏட்டில் அப்படி எங்கும் இல்லை. அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணியைக் கொல்லச் சட்டம் இடம் தராததால், தன்னை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விடுவார்களோ என்று தவிக்கிறாள். எல்லோரும் சேர்ந்து ஜெபிக்க, உடனே வலி எடுக்கிறது. இதற்கே இப்படிக் கத்துகிறாயே, மிருகங்களுக்கு முன்னால் என்ன செய்வாய் என்கிறான் ஒரு காவலாள். இப்போது படுவது என் பாடு, அங்கே எனக்குள் இருந்து எனக்காகப் பாடுபட இன்னொருவர் இருப்பார் என்கிறாள் அவள். பிறந்தது பெண் குழந்தை. கிறிஸ்தவச் சகோதரி ஒருத்தி தன் மகளாக எடுத்து வளர்த்தாள்.

மைதானத்தில் அவர்கள் மேல் ஏவப்பட்டது வெறிபிடித்த பசுமாடு. முதலில் ஆடையை உரிந்து வலையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் பிள்ளை பெற்ற பெலிசித்தாவின் மார்பில் பால் சொட்டுவதைப் பார்த்து அந்தக் கூட்டமே கூசிப்போனது. திரும்பக் கொண்டுபோய் ஆடை உடுத்திக் கூட்டிவந்தார்கள்.

மறையுரைகளில் நான் கேட்டதெல்லாம், மாடு முட்டி விழுந்த பெர்பேத்துவா கிழிந்த ஆடையை இழுத்துத் தொடையை மூடிக்கொண்ட கதைதான். அது அவள் எழுதியதல்ல, அவள் இறந்த பிறகு இன்னொருவர் எழுதிச் சேர்த்தது. மைதானத்தில் மிருகங்களை ஏவும் அந்த விளையாட்டுக்கு முந்தின நாளோடு அவள் பக்கங்கள் முடிந்துவிடுகின்றன. நடக்கப்போவதை விருப்பமுள்ளவர் எழுதட்டும் என்று விட்டுவிட்டுப் போனாள். பாலைப் பற்றி எழுதியது அவள். நாம் அவள் எழுதியதை விட்டுவிட்டு, அடக்கத்தை மட்டும் நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தந்தையர்களே, அந்த மன்றாட்டைச் சொல்லும் நாளில் ஏழு பெயர்களையும் சொல்லுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. மார்ச் 7 அன்று மறையுரையில் அவள் எழுதிய சிறைப் பக்கத்தை, குழந்தை வரும் இடத்தை, அப்படியே வாசியுங்கள். கைப்பிள்ளை அழுகிறதென்று பாதித் திருப்பலியில் எழுந்துபோன பெண்கள் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்கு மக்களில் ஒருத்தி