பன் இல்லாத பர்கர் கிண்ணம்: குறிப்பில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் ‘மாவுச்சத்தே இல்லாத பர்கர் கிண்ணம்’ என்ற தலைப்பில் வெளிவந்த குறிப்பு தொடர்பாக இதை எழுதுகிறேன். பன்னை நீக்கிவிட்டு, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு கொத்துக்கறி, லெட்டூஸ், ஊறுகாய் வெள்ளரி, சாஸ் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் சேர்த்துச் சாப்பிடும் இந்த அமெரிக்க உணவு நல்ல உணவுதான். நம் வீடுகளிலும் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்தத் தலைப்பு உண்மையல்ல. குறிப்பிலும் ‘தேவையான அளவு எண்ணெய்’, ‘பொன்னிறமாகும்வரை’ என்று அளவும் நேரமும் இல்லாமல் விடப்பட்டிருக்கிறது. அதை மட்டும் நம்பிச் செய்பவருக்குக் குழைந்த கிழங்கும் தண்ணீரில் வெந்த கறியும்தான் கிடைக்கும்.

முதலில் தலைப்பு. பர்கர் பன் ஒன்று ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். அதில் மாவுச்சத்து 25 கிராமை ஒட்டி வரும். பச்சைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு 100 கிராமில் 20 கிராம் மாவுச்சத்து உண்டு. ஒருவருக்கு 150 கிராம் கிழங்கு என்று வைத்தால் 30 கிராம் ஆகிவிடுகிறது. ஆக, பன்னை எடுத்ததால் மாவுச்சத்து குறையவில்லை, சற்றே கூடியிருக்கிறது. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே 150 கிராம் கிழங்கில் நார்ச்சத்து நாலரை கிராம். மைதா பன்னில் ஒரு கிராம் அளவுதான். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் கிழங்கு என்றால், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினும் நிறையக் கிடைக்கும். கூடவே வயிறும் நன்றாக நிறையும். இதற்காகவே இந்த உணவைப் பரிந்துரைக்கலாம். ‘மாவுச்சத்து இல்லை’ என்று சொல்ல வேண்டியதே இல்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதே கிழங்கை நீரில் வேகவைத்தால் ரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறும். ‘அவன்’ (oven) எனும் மூடிய சூட்டடுப்பில் சுட்டால் வேகமாக ஏறும். அவர்கள் கிழங்கை முழுதாகத் தோலோடு வேகவைத்து, ஆறவிட்டு, நறுக்கி, சூடான கல்லில் இரண்டு நிமிடம் மட்டும் பிரட்டி எடுப்பது நல்லது. அளவையும் 100 கிராமோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குறிப்பில் ஓரிடத்தில் சேனைக்கிழங்கு என்று வந்திருப்பது மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கடைகளில் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியை, சேனைக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் ‘யாம்’ என்ற பெயரை எழுதி விற்கும் வழக்கம் உண்டு. அது சேனையும் அல்ல, நம் வள்ளிக்கிழங்கும் அல்ல. அங்கே பரவலாக விளையும் போரகார்ட் ரகம் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்டது. ஆரஞ்சுச் சதை, ஈரம் அதிகம், இனிப்பும் அதிகம். நம் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் கொண்ட கிழங்கு. இதில் ஈரம் குறைவு, மாவு அதிகம். சுட்டால் வெளியே மொறுமொறுப்பு நன்றாக வரும். ஆனால் பீட்டா கரோட்டின் மிகக் குறைவு. திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பூ சோனா ஆரஞ்சுச் சதை ரகம், பூ கிருஷ்ணா ஊதாச் சதை ரகம். கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கும்போது சிறு துளை உள்ள கிழங்கைத் தள்ளிவிடுங்கள். கூன்வண்டு துளைத்த கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பான நச்சுப் பொருள்களை உண்டாக்கும். துளைத்த இடத்தை மட்டும் சீவி எறிந்தாலும் கசப்பு மீதியில் இருக்கும், வேகவைத்தாலும் போகாது. பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது. குளிரில் அதன் நடுப்பகுதி கெட்டித்துப் போய், எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாமல் நிற்கும். காற்றோட்டமான கூடையே போதும்.

நான்கு பேருக்கு நறுக்கிய கிழங்கு 600 கிராம். தோலை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் சீவ வேண்டியதில்லை. இரண்டு சென்டிமீட்டர் கனசதுரமாக, எல்லாம் ஒரே அளவாக நறுக்குங்கள். சிறியதும் பெரியதுமாக இருந்தால் சிறியது கரியும்போது பெரியது நறுக்கென்று இருக்கும். நறுக்கியதும் தண்ணீரில் போட்டால் கறுக்காது, மேலே ஒட்டியிருக்கும் மாவும் கழுவப்படும். பிறகு துணியில் பரப்பி, ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எதைச் செய்தும் சரிக்கட்ட முடியாது. துண்டின் மேல் இருக்கும் ஈரம் முழுதும் ஆவியான பிறகுதான் அதன் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டிச் சிவக்கத் தொடங்கும். அதற்குள் உள்ளே குழைந்துவிடும்.

எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, அதாவது 22 மில்லி. கடலை எண்ணெய் ஏற்றது. உப்பு முக்கால் தேக்கரண்டி, அவனில் வைப்பதற்குச் சற்று முன்பு மட்டும். உப்புப் போட்டு ஊறவைத்தால் கிழங்கு தண்ணீர் விடும். காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. இவற்றை முதலிலேயே போடாதீர்கள். கிழங்கு வேக அரை மணி ஆகும், தூள்கள் அதற்குள் கருகிக் கசக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் தூவிப் பிரட்டினால் போதும்.

அமெரிக்கக் குறிப்புகளில் 425 என்று இருப்பது ஃபாரன்ஹீட். நமக்கு அது 220 டிகிரி செல்சியஸ். விசிறி ஓடும் அவன் என்றால் 200. ஓ.டி.ஜி. எனும் வீட்டு மின் அவனில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 15 நிமிடம் முன்சூடு செய்ய வேண்டும். குளிர்ந்த அவனில் வைத்தால் கிழங்கு மெதுவாகச் சூடேறும். 60 முதல் 75 டிகிரிவரை அதில் உள்ள ஒரு நொதி மாவைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டே இருப்பதால் இனிப்பு மிகும். தனியாகச் சுட்டுத் தின்னும் கிழங்குக்கு அந்த இனிப்பு அழகு. பர்கர் கிண்ணத்தில் அது கறியின் சுவையை அமுக்கிவிடும். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு ஒரே அடுக்காகப் பரப்புங்கள். சிறிய ஓ.டி.ஜி. என்றால் 300 கிராம் வீதம் இரண்டு முறை வைப்பதே சரி. நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவியில் மற்றொன்று அவியும். மொத்தம் 25 முதல் 30 நிமிடம், 15ஆம் நிமிடம் ஒருமுறை திருப்பவும். ஏர் ஃப்ரையரில் 200 டிகிரி, 300 கிராமுக்கு 15 முதல் 18 நிமிடம். சாதா மைக்ரோவேவில் இது வராது. சூடான காற்றைச் சுழலவிடும் கன்வெக்‌ஷன் வசதி இருந்தால்தான் சிவக்கும்.

அவன் இல்லாத வீடுகளுக்கு அந்தக் குறிப்பில் வழியே சொல்லவில்லை. இட்லிப் பாத்திரத்தில் துண்டுகளை 5 நிமிடம் மட்டும் அவித்து, தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஆவி போகவிட்டு, இரும்புக் கடாயில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில், மிதமான தீயில், இரண்டு தடவையாக 8 நிமிடம் வீதம் வறுக்கலாம். ஓயாமல் கிளறினால் உடையும். ஒரு பக்கம் சிவந்த பிறகே புரட்ட வேண்டும்.

இனி கறி. அமெரிக்காவில் நூற்றுக்கு 20 பங்கு கொழுப்புள்ள அரைத்த மாட்டிறைச்சி வழக்கம். இங்கே மாட்டிறைச்சி, ஆட்டுக் கொத்துக்கறி, கோழி எதுவும் எடுக்கலாம். நான்கு பேருக்கு 500 கிராம். கோழி என்றால் எலும்பு நீக்கிய தொடைக்கறி வாங்குங்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பில்லை, அரைத்து வறுத்தால் தவிடுபோல ஆகும். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, அரைத்த கறியைத் தண்ணீரில் அலசுவது. அலசிய கொத்துக்கறி பஞ்சுபோல நீரைப் பிடித்துக்கொள்ளும், கடாயில் போட்டதும் அத்தனையும் வெளியே வந்து கறி சாம்பல் நிறத்தில் அவியும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் துண்டாக இருக்கும்போதே கழுவி, துணியால் ஒற்றி, ஃபிரீசரில் அரை மணி வைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டு நான்கைந்து சுற்று மட்டும் அரைக்கலாம்.

உப்பைக் கறியோடு முன்பே பிசைந்து வைக்காதீர்கள். உப்பு கறியின் புரதத்தைக் கரைத்து ஒட்டவைக்கும், வெந்ததும் ரப்பர்போல இழுக்கும். இரும்புத் தோசைக்கல்லோ கனமான கடாயோ புகை எழும் அளவு காய்ந்ததும், இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, 250 கிராம் கறியை அடைபோல ஒரு விரல் கனத்துக்கு அழுத்திப் பரப்பி, மேலே அரைத் தேக்கரண்டி உப்பு, மிளகு தூவுங்கள். நான்கு நிமிடம் கரண்டி படக் கூடாது. அடியில் நன்றாக முறுகும் அந்தப் பழுப்புப் பரப்பில்தான் பர்கரின் சுவை இருக்கிறது. பிறகு புரட்டி, மேலும் இரண்டு நிமிடம் விட்டு, உதிர்த்து, ஈரம் வற்றும்வரை வதக்கவும். கடைசியில் பொடியாக நறுக்கிய பூண்டு இரண்டு பல், சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி. மீதிக் கறியையும் இதேபோல.

பர்கர் இறைச்சியை நடுவில் சிவப்பாக விடும் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது உள்ளே கலந்துவிடும். 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கர் இறைச்சியில் இருந்த ஈ.கோலை கிருமியால் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஆடு, மாடு என்றால் உள்ளே 71 டிகிரி, கோழி என்றால் 74 டிகிரி. உதிர்த்து வதக்கும் முறையில் இந்தச் சூடு எல்லா இடத்துக்கும் சென்றுவிடும் என்பது இந்தக் கிண்ணத்துக்கு உள்ள ஒரு வசதி.

சைவத்துக்கு மீல்மேக்கர் துகள் 100 கிராமை உப்பிட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை ஒட்டப் பிழியுங்கள். பொடியாக நறுக்கிய காளான் 200 கிராமை எண்ணெய் இல்லாமல் நீர் வற்ற வதக்கி, அதன் பிறகே எண்ணெயும் துகளும் சேர்த்து முறுக விடவும்.

சாஸ்தான் இந்த உணவைக் கெடுக்கும் இடம். குறிப்பில் ‘மயோனைஸ் தாராளமாக’ என்று இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் 90 கலோரிக்குமேல். நான்கு கரண்டி போட்டால் பன்னை நீக்கி மிச்சப்படுத்த நினைத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உள்ளே போய்விடும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். நம் வெயிலில் சால்மொனெல்லா கிருமி பெருக அதிக நேரம் தேவையில்லை. அதற்குப் பதிலாக 400 கிராம் புளிக்காத தயிரைத் துணியில் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வடியவிட்டால் ஏறக்குறைய 200 கிராம் கெட்டித் தயிர் கிடைக்கும். அதில் கடுகு சாஸ் இரண்டு தேக்கரண்டி, தக்காளி சாஸ் ஒரு மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய ஊறுகாய் வெள்ளரி இரண்டு மேசைக்கரண்டி, துருவிய பூண்டு ஒரு பல், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கால் தேக்கரண்டி உப்பு. எண்ணெயை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் சாஸ் தயிர்ப் பச்சடியாகத்தான் இருக்கும்.

ஊறுகாய் வெள்ளரி என்பது கெர்கின். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஏற்றுமதிக்காக விளைவிக்கப்படும் அதே பிஞ்சு. கடையில் கிடைக்காவிட்டால் வெள்ளரிப் பிஞ்சை மெல்லிய வட்டமாக நறுக்கி, 100 மில்லி வினிகர், 100 மில்லி தண்ணீர், உப்பும் சர்க்கரையும் ஒவ்வொரு தேக்கரண்டி, சிறிது கடுகு சேர்த்து அரை மணி ஊறவைக்கலாம். இதை விட்டுவிட்டு மாங்காய் ஊறுகாய் வைத்தால் பர்கர் வாசனை வராது. கிழங்கின் இனிப்புக்கு எதிராக நிற்க இந்தப் புளிப்பு கட்டாயம் வேண்டும்.

லெட்டூஸ் இலையைக் கழுவி உலர்த்த வேண்டும். ஈர இலையில் சாஸ் ஒட்டாமல் அடியில் ஓடும். லெட்டூஸ் இல்லாத ஊரில் முட்டைக்கோஸை நூல்போல நறுக்கலாம். தக்காளியின் விதைப் பகுதியை எடுத்துவிடுங்கள். வெங்காய வட்டங்களைப் பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டால் காரம் தணியும். கிண்ணத்தில் இலை அடியில், ஒரு பக்கம் கிழங்கு, ஒரு பக்கம் கறி. சீஸ் போடுவதானால் ஒருவருக்கு 20 கிராம், சூடான கறியின் மேலேயே. சாஸ் கடைசியில், கிழங்கின் மேல் படாமல்.

அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ கட்டிக்கொடுப்பவர்களுக்கு: சூடான கிழங்கை டப்பாவில் மூடினால் ஐந்தே நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். ஆறவிட்டுத் தனி டப்பாவில் வைக்கவும். கறியை வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. 32 டிகிரிக்குமேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். ஃபிரிட்ஜ் இல்லாத இடத்துக்கு இது ஏற்ற மதிய உணவு அல்ல.

வரும் ஞாயிறு இணைப்பில் அளவுகளை வெளியிட இடமில்லாவிட்டாலும், தலைப்புக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடும்படி வேண்டுகிறேன். ‘மாவுச்சத்தே இல்லாத’ என்ற சொல்லை நம்பி, ஒருவேளை உணவில் அரைக் கிலோ கிழங்கு வைத்துக்கொள்ளக்கூடிய சர்க்கரை நோயாளிகள் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
மனையியல் ஆசிரியை ஒருவர்,
மதுரை